ரெண்டு சர்வரும் எழுந்த மத்தியானம்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க, எனக்கு எந்த ஓரம்னாலும் ஒண்ணுதான். திருப்பூருங்களா? நானும் அங்கதான். பையை மடியிலயே வச்சுக்கங்க, கீழ வச்சா இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு முன் சீட்டுக்கு ஓடிரும்.

முறுக்கு வேண்டாங்க. எனக்குச் சுகரு. முறுக்குல சக்கரை இல்லைன்னு தெரியுங்க, ஆனா வாயைக் கட்டிப் பழகியாச்சு. நீங்க சாப்புடுங்க.

பனியன் கம்பெனிங்களா? ஓஹோ, சாயப்பட்டறைக்குக் கெமிக்கல் சப்ளை. நல்லதுங்க. நானு ஆஸ்பத்திரில. டாக்டர் இல்லைங்க, டாக்டரா இருந்தா பஸ்ஸுலயா வருவேன்? கம்ப்யூட்டர் பக்கம், சர்வர் பார்க்கறது. பேரு சென்னியப்பன். ஆஸ்பத்திரி பேரு வேண்டாமே, பேப்பர்ல வந்து நாறிக் கிடக்குது. கோயம்புத்தூர்ல பெரிசா ஒண்ணு, திருப்பூர்ல அதோட கிளை ஒண்ணு. அதுக்கு மேல தெரிஞ்சு உங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை.

விசாரணைக்குப் போறேனுங்க. ஐயோ, என்மேல இல்லைங்க! என்மேல என்ன இருக்குது? எனக்குக் கீழ வேலை பார்த்த பொண்ணு மேல. கோகிலவாணின்னு பேரு. என்னை ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்களாம். "நீங்க சொல்லித்தான் அந்தப் பொண்ணு செஞ்சுதா?" ஆமான்னு சொன்னா அது தப்பிச்சுக்கும். இல்லைன்னு சொன்னா வேலையும் போகும், போலீஸ் கேஸும் அது பேர்ல போகும். ஒரு அம்மா செத்துப்போச்சுங்க. அதுக்குத்தான் இத்தனை கூத்தும்.

நீங்க வெளியாளு. உள்ள இருக்கறவன் எவன் கிட்டயும் பேச முடியலை, என்னைப் பார்த்தாலே கேண்டீன்ல டேபிள் மாறி உக்காருறானுக. நான் என்னங்க பண்ணுனேன்? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

சர்வர்னா பெரிய விஷயமில்லை, ஒரு மெஷினு. நோயாளி பேரு, ரத்தம் டெஸ்ட் பண்ணுன ரிசல்ட்டு, எந்த மருந்து எப்பக் குடுத்தாங்க, எல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது. எங்களுக்கு அது ரெண்டுங்க. கோயம்புத்தூர்ல ஒண்ணு, திருப்பூர்ல ஒண்ணு. ஒண்ணுல எழுதறது உடனே இன்னொண்ணுலயும் காப்பி ஆயிரும். ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான் வேலை செய்யும். இன்னொண்ணு காப்பி மட்டும் எடுத்துட்டு, முழிச்சுட்டே படுத்திருக்கும். இது செத்துப்போச்சுன்னா அது எந்திரிச்சு வேலையை வாங்கிக்கும்.

எந்திரிக்கறதுன்னா சும்மா இல்லைங்க. டேட்டா இருக்கற டிஸ்க்கு, அதைப் படிக்கற டேட்டாபேஸு, எல்லாக் கம்ப்யூட்டரும் தேடி வர்ற அட்ரஸு, நர்ஸுக பார்க்கற புரோகிராமு, இதெல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டி வச்சிருப்போம். குரூப்புன்னு சொல்லுவோம். கல்யாணச் சமையல்காரன் மண்டபம் மாறுறான்னு வைங்க. அடுப்பு முந்திப் போகணும், அப்பறம் பாத்திரம், அப்பறம் அரிசி, கடைசியா ஆளுக. அடுப்பு ஒரு மண்டபத்துலயும் அரிசி இன்னொரு மண்டபத்துலயும் கிடந்தா சோறு வேகுமா? அந்த மாதிரி எது முந்தி, எது பிந்தின்னு வரிசை இருக்குது. அந்த வரிசையெல்லாம் என்னோட யோசனைதான். உக்காந்து போட்டது அந்தப் பொண்ணு, அதை நான் மறைக்கலை. ஆனா சேர்மன் கிட்ட விளக்கிச் சொன்னது நான்.

இதுல முக்கியம் என்னன்னா, ஒரு குரூப்பு ஒரே பக்கம்தான் இருக்கணும். ரெண்டு பக்கமும் எந்திரிச்சுருச்சுன்னா தீந்துது. இவன் ஒரு கணக்கு எழுதுவான், அவன் ஒரு கணக்கு எழுதுவான், ரெண்டும் சேராது. அதனால நடுவுல இருக்கற லைன் அறுந்துபோனா, படுத்திருக்கற சர்வரு தானா எந்திரிக்காது. 'அந்தப் பக்கம் செத்துருச்சா, இல்லை எனக்குத்தான் கண்ணு தெரியலையா'ன்னு குழம்பி நிக்கும். நாமதான் பார்த்துச் சொல்லணும். 'கேக்காம எழுப்பு'ன்னு ஒரு செட்டிங்கு இருக்குது. அதைப் போட்டாத்தான் எந்திரிக்கும். அதைப் போடறதுக்கு முந்தி அந்தப் பக்கம் நிறுத்தியாச்சான்னு கண்ணால பார்க்கணும். சரிங்களா, இவ்வளவுதான். புரியாததுக்கு ஒண்ணுமில்லை.

இன்னொண்ணும் சொல்லிடறேன். எங்க ஆஸ்பத்திரில காகிதத்தை ஒழிச்சவன் நானுங்க. முன்னெல்லாம் கட்டில் கால்மாட்டுல ஒரு அட்டை தொங்கும், பார்த்திருப்பீங்க. ஊசி போட்டா அதுல எழுதுவாங்க. பாதி கிறுக்கல், பாதி சாம்பார் கறை. நான்தான் போராடி அதைக் கழட்ட வச்சேன். எல்லா நர்ஸையும் கூட்டி வச்சு நானே வகுப்பு எடுத்தேன். "ஸ்கிரீன்ல இருக்கறதுதான் நடந்தது. ஸ்கிரீன்ல இல்லாதது நடக்கலை. பக்கத்துல இருக்கறவங்க கிட்டக் கேட்டுட்டு இருக்காதீங்க." அப்படியே சொன்னேன். கையில பேப்பர் வச்சு எழுதுன ரெண்டு நர்ஸுக்கு மெமோ கூடக் குடுக்க வச்சேன். கண்டிப்பா இல்லைன்னா ஒண்ணும் நடக்காதுங்க.

சேர்மன் ரூம்ல ஒரு டி.வி. மாட்டி வச்சிருக்கேன். எல்லா குரூப்பும் அதுல பச்சையாத் தெரியும். நின்னா சிவப்பாயிரும். அவரு வந்தவுங்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுவாரு. "எங்க சென்னியப்பன் இருக்கறப்ப சிவப்புங்கறதே கிடையாது"ம்பாரு. அந்த வார்த்தைக்காக நான் எத்தனை தீபாவளி ஊட்டுல இல்லாம இருந்திருக்கேன் தெரியுங்களா?

கோகிலவாணி பல்லடம் பக்கம். கெட்டிக்காரிதான். திருப்பூர் சர்வர் ரூமை அதுதான் பார்த்துக்கும். ஆனா ஒரு கெட்ட பழக்கம், எதைச் சொன்னாலும் திருப்பிக் கேக்கும். "சார், அதை நிறுத்திட்டீங்களா? சார், உறுதியாத் தெரியுமா? சார், நீங்க பார்த்தீங்களா, இல்லை யாராவது சொன்னாங்களா?" இப்படி. எனக்குச் சுருக்குன்னு வரும். நீங்க ஒருத்தரை வேலைக்கு வச்சிருக்கீங்க, அவன் உங்களை ஸ்கூல் வாத்தியார் மாதிரி கேட்டா எப்படி இருக்கும்? ஆனா நான் பொறுத்துக்கிட்டேன். பொறுமை எனக்கு நெம்ப உண்டுங்க.

அன்னைக்குத் திருப்பூர்ல புதுக் கட்டடம் திறப்பு விழா. சேர்மன், அவரு வீட்டம்மா, பேங்க்காரங்க, வெளியூர் டாக்டருக, பெரிய கூட்டம். நான் அவரு பக்கத்துலயே நிக்கறேன். வரவேற்புல பெரிய ஸ்கிரீனு. எந்த வார்டுல எத்தனை பேரு, எத்தனை ஊசி, எல்லாம் ஓடிட்டிருக்குது. அவரு கையைக் காட்டி விளக்கறாரு. அந்த நேரத்துல பொட்டுன்னு ஸ்கிரீன் நின்னுபோச்சுங்க. ஒரு வட்டம் மட்டும் சுத்துது.

கருமத்தம்பட்டி கிட்ட ரோட்டுல தோண்டுனவனுக லைனை அறுத்துட்டானுக. இப்ப போவோமே, பாருங்க, இன்னும் தோண்டிட்டுதான் இருக்கானுக. ரெண்டு லைன் வாங்கியிருந்தோம், ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு. ரெண்டும் ஒரே குழியில போயிருக்குது. அது எனக்கு எப்படிங்க தெரியும்? கம்பெனிக்காரன் ரெண்டு லைன்னான், நான் ரெண்டுன்னு எழுதிக்கிட்டேன்.

சேர்மன் சிரிச்சுட்டே என் காதுல, "சென்னியப்பா, என்னய்யா இது"ன்னாரு. நான் ஓரமாப் போயிக் கோகிலவாணிக்குப் போன் பண்ணுனேன். அது கீழ சர்வர் ரூம்ல இருக்குது.

"குரூப்பைத் திருப்பூர்ல எழுப்பு"ன்னேன்.

"எந்திரிக்க மாட்டேங்குது சார். கோயம்புத்தூர் பக்கம் தெரியலைங்குது. அங்க நிறுத்தியாச்சுங்களா?"

"கேக்காம எழுப்புன்னு போடு."

"சார், கோயம்புத்தூர் ஓடிட்டிருந்தா ரெண்டும் எழுத ஆரம்பிச்சுரும். நிறுத்தியாச்சுன்னு உறுதியாத் தெரியுங்களா?"

பாருங்க, அதே கேள்வி. சேர்மன் என்னையே பார்த்துட்டு நிக்கறாரு. பேங்க்காரங்க வாட்ச்சைப் பார்க்கறாங்க. நான் ஆமான்னு சொல்லிட்டேன். "ஆமா, எல்லாம் நின்னுபோச்சு, நீ எழுப்பு"ன்னேன்.

இல்லைங்க, பார்க்கலை. எங்கருந்து பார்க்கறது? கோயம்புத்தூருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்தான். அங்க ஆளுக இருக்காங்க. ஆனா சேர்மன் பக்கத்துல நிக்கறப்ப ஒருத்தன் இன்னொரு போன் போட்டுட்டு நிப்பானா? திருப்பூர்ல நின்னா கோயம்புத்தூர்லயும் நின்னிருக்கும்னுதான் எனக்குத் தோணுச்சு. யாருக்கும் அப்படித்தான் தோணும்.

அது போட்டுச்சு. ஸ்கிரீன் வந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. சேர்மன் என் முதுகுல தட்டிக் குடுத்தாரு, "ஒரு கப் காபி குடிக்கற நேரத்துல எழுப்பிட்டான் பாருங்க"ன்னு. அந்த நிமிசம் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா? பொய் சொல்லக்கூடாது, நெஞ்சு நிறைஞ்சு போச்சுங்க.

கோயம்புத்தூர் நிக்கவே இல்லைங்கறது அப்பறம்தான் தெரிஞ்சுது. அங்க அவங்க பாட்டுக்கு அங்க எழுதறாங்க, இங்க இவங்க பாட்டுக்கு இங்க எழுதறாங்க. மத்தியானம் சாப்பாடு வரைக்கும் ரெண்டும் ஓடிருச்சு.

சாப்பாட்டுக்கு உக்காந்துட்டோம். இலை போட்டு, சேர்மன் பந்தியில எனக்கு இடம் குடுத்திருந்தாரு. போன் அடிக்குது. கோகிலவாணி. லைன் வந்துருச்சு சார், ரெண்டு பக்கமும் எழுதியிருக்குது சார், சேர மாட்டேங்குதுன்னு அழுகாத குறையாச் சொல்லுது. இனி ஒரு பக்கத்தைத்தான் வச்சுக்க முடியும். இன்னொரு பக்கத்துல எழுதுனது போயிரும். மெஷின் அப்படித்தான் கேக்கும், எதை வச்சுக்கறது, எதை அழிக்கறதுன்னு.

"சார், ரெண்டு பக்கமும் கொஞ்ச நேரம் நிறுத்திட்டுத் திருப்பூர்ல எழுதுனதைத் தனியா எடுத்து வச்சுக்கறேன். அது வரைக்கும் நர்ஸுகளைக் காகிதத்துல எழுதச் சொல்லுங்க"ன்னுச்சு.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. திறப்பு விழா அன்னைக்குக் காகிதத்தைக் குடுக்கச் சொல்லுது! ரெண்டு ஊர்லயும் நிறுத்தச் சொல்லுது! டி.வி. பூராவும் சிவப்பாயிரும். நான் சொன்னேன், "கோயம்புத்தூர் பெரிசு. அங்கதான் கூட்டம். அதை வச்சுக்க. திருப்பூர் பக்கத்தை அழி."

"சார், இங்க வார்டுல மருந்து குடுத்தது, ரத்தம் எடுத்தது எல்லாம் அதுல இருக்குதுங்க சார். அழிச்சா திரும்ப வராது."

"கொஞ்ச நேரத்துக் கணக்குதானே? வார்டுல திரும்பப் போட்டுக்குவாங்க."

"அப்படின்னா எழுத்துல குடுங்க சார்."

எழுத்துல! எனக்கு! நான் இலையை விட்டு எந்திரிச்சுட்டேனுங்க. பாயசம் ஊத்திட்டிருந்தாங்க. வராண்டாவுக்குப் போயி, "உனக்கு வேலை வேண்டாம்ங்கறதை எழுத்துல குடுக்கட்டுமா?"ன்னு கத்திட்டேன். அப்பறம் "சரிங்க சார்"ன்னுச்சு. கொஞ்சம் பொறுத்து, "பண்ணிட்டேன் சார், வார்டுகளுக்குச் சொல்லிடுங்க"ன்னு திரும்பப் போன் வந்துச்சு. நானும் சொல்லிடறேன்னேன்.

வார்டுக்குச் சொல்றதுக்கு முந்தி சேர்மன் கூப்பிட்டாரு. போட்டோ எடுக்கறாங்கன்னு. மறந்து போச்சுங்க. மனுசன்தானே?

ஆமாங்க, நீலாம்பூர் தாண்டிட்டோம். நேரம் இருக்குது.

அந்த அம்மா பேரு மாராத்தாள். பனியன் கம்பெனில செக்கிங் வேலை. சுகரு. கால்ல புண்ணு, அதைச் சுத்தம் பண்ணி வார்டுல படுக்க வச்சிருந்தாங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு முந்தி இன்சுலின் போட்டிருக்காங்க. போட்ட நர்ஸு ஒழுங்காத் திருப்பூர் சர்வர்ல ஏத்திட்டு, ஷிப்ட் முடிஞ்சு ஊட்டுக்குப் போயிருச்சு. அப்பறம்தான் நாங்க அழிச்சது. அதாவது, கோகிலவாணி அழிச்சது.

அடுத்த ஷிப்ட்டுக்கு எஸ்தர்னு ஒரு நர்ஸு வந்திருக்குது. ஸ்கிரீனைப் பார்த்தா மாராத்தாள் பேரு சிவப்புல இருக்குது. மத்தியான இன்சுலின் போடலை, நேரம் தாண்டிருச்சுன்னு. சுகர் எவ்வளவுன்னு பார்த்தா காலையில எடுத்ததுதான் இருக்குது, நெம்ப அதிகம். மத்தியானம் எடுத்தது அழிஞ்சுபோச்சுல்ல. அது ஊசியை எடுத்துட்டுப் போயிருக்குது. அந்த அம்மா வலி மாத்திரை போட்டுத் தூங்குது. பக்கத்துல மக இருந்திருக்குது. அந்தப் பொண்ணு சொல்லியிருக்குது, "ஏனுங் சிஸ்டர், அம்மாவுக்கு மத்தியானமே போட்டாங்களே"ன்னு.

எஸ்தர் திரும்பிப் போயி ஸ்கிரீனைப் பார்த்திருக்குது. ரெண்டாவது தடவையும் பார்த்திருக்குது. வந்து, "ஸ்கிரீன்ல இல்லையேம்மா, நீங்க வேற ஊசியைச் சொல்றீங்களாட்ட இருக்குது"ன்னு சொல்லிட்டுப் போட்டுருச்சு.

பெத்த மக பக்கத்துல நின்னு சொல்லுது. அதைக் கேக்காம ஒரு மெஷினைக் கேக்கறதாங்க? மனுசங்க பேச்சுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அதான் விசாரணையில முதல் நாளே எஸ்தரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. கேட்டா, "சார்தான் ஸ்கிரீன்ல இல்லாதது நடக்கலைன்னு சொல்லிக் குடுத்தாரு"ன்னு என்னையக் கையைக் காட்டுதுங்க! நான் சொன்னேன்தான். அதுக்காகப் புத்தியைக் கழட்டி வச்சுட்டு வான்னா சொன்னேன்?

அந்த அம்மா தூங்கறாங்கன்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க. வேர்த்துக் கொட்டியிருக்குது, மக துடைச்சு விட்டிருக்குது, காய்ச்சல் விடுதாட்ட இருக்குதுன்னு. எழுப்பிப் பார்த்தப்ப எந்திரிக்கலை. சுகர் அடியில போயிருச்சு. ஐ.சி.யூ.வுல வச்சுப் பார்த்தாங்க. கண்ணே திறக்கலைங்க. கடைசில அப்படியே போயிருச்சு.

கேட்டுக்கு வெளிய அந்த மக உக்காந்திருந்துச்சு. சத்தம் போடலை, ஒண்ணும் இல்லை. போறவன் வர்றவன் கிட்டயெல்லாம் "நான் சொன்னேனுங்க, நான் சொன்னேனுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டிருந்துச்சு. நான் பின்வாசல் வழியா வண்டியை எடுத்துட்டுப் போயிட்டேன். எனக்கு அதெல்லாம் பார்த்தா ஆகாது. இப்பக்கூட ராத்திரியில தூக்கம் வர்றதில்லைங்க. அது சுகருக்கு. டாக்டரு மாத்திரை மாத்திக் குடுத்திருக்காரு.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? எனக்கும் வருத்தம்தாங்க. அந்த அம்மாவுக்கு நான் என்ன எதிரியா? ஆனா வருத்தம் வேற, தப்பு வேற. தப்பு யாருதுன்னு பார்க்கணும்ல? சர்வருக்குள்ள எல்லாம் பதிவாயிரும். யாரு எழுப்புனது? கோகிலவாணி. 'கேக்காம எழுப்பு'ன்னு போட்டது யாரு? கோகிலவாணி. திருப்பூர் பக்கத்தை அழிச்சது யாரு? கோகிலவாணி. என் பேரு ஒரு இடத்துல கூட இல்லை. நான் போன்ல பேசுனேன், அவ்வளவுதான். பேச்சுக்கெல்லாம் பதிவு உண்டா?

சேர்மன் ஆபீஸ்ல என்னைக் கூப்பிட்டுப் பேசுனாங்க. பக்குவமாத்தான் சொன்னாங்க. "ஒரு ஆளோட தப்புன்னு முடிஞ்சா ஆஸ்பத்திரிக்கு நல்லது. மேல வரைக்கும் போச்சுன்னா எல்லாருக்கும் கஷ்டம்." இதுல என்னங்க தப்பு? அந்தப் பொண்ணுக்கு வயசு இருக்குது. வேலை போனா இன்னொண்ணு. கேஸு போட்டாலும் ஜாமீன் கிடைக்கும், வருசக்கணக்கா இழுக்கும், ஒண்ணுமில்லாமப் போயிரும். எனக்கு அப்படிங்களா? இந்த வயசுல என்னை எவன் எடுப்பான்?

அதோட அப்பா எங்க ஊட்டுக்கு வந்திருந்தாருங்க. தறி ஓட்டறவரு. வாசல்லயே நின்னாரு, உள்ள வாங்கன்னாலும் வரலை. "நடந்ததை நடந்த மாதிரி சொல்லிடுங்க சாமி, வேற ஒண்ணும் வேண்டாம்"னாரு. என் சம்சாரம் காபி எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு. அன்னைக்கிருந்து அவளும் என்கூடச் சரியாப் பேசறதில்லை. ஊட்டுலயும் இப்படி, ஆபீஸ்லயும் இப்படின்னா நான் எங்கதான் போறது, சொல்லுங்க?

நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணுக்கு அது தப்புன்னு தெரிஞ்சுதா, இல்லையா? தெரிஞ்சுதானே எழுத்துல கேட்டுச்சு? தெரிஞ்சும் ஏன் செய்யணும்? முடியாது போங்க சார்னு போனை வச்சிருக்கணும். நான் கத்தியிருப்பேன். வேலையை விட்டுக் கூட எடுத்திருப்பேன், அது வேற விஷயம். ஆனா மாராத்தாள் இன்னைக்கு உசுரோட இருந்திருக்கும்ல? அப்ப யாரு தப்பு? எனக்கு விவரம் பத்தலை, சேர்மன் பக்கத்துல நிக்கறாரு, நான் அவசரத்துல சொன்னேன். விவரம் தெரிஞ்ச அது செஞ்சுது. இதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன். அதாவது, நான் சொன்னேங்கறதை விட்டுட்டு மீதியைச் சொல்லப்போறேன். நேத்தெல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன், கோர்வையா வருதுங்க.

ஒரு நிமிசம், போன் அடிக்குது. பாருங்க, அந்தக் கோகிலவாணியேதான். காலையிலருந்து விடாம அடிக்கறா. எடுக்க மாட்டேன். எடுத்தா கெஞ்சுவா, அழுவா. எடுக்கணுங்கறீங்களா? சரி, ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க. அப்பத்தான் எனக்கு என்ன பாடுன்னு உங்களுக்குத் தெரியும்.

"ம், சொல்லு."

"சார், விசாரணைக்காகக் கூப்பிடலைங்க சார். வச்சுராதீங்க. அன்னைக்கு 'கேக்காம எழுப்பு'ன்னு போட்டது இன்னும் எடுக்கலைங்க. நான் எடுக்கறதுக்குள்ள என் லாகினைப் பிடுங்கிட்டாங்க. லைன் கொஞ்சம் விட்டு வந்தாக்கூட ரெண்டும் தானா எந்திரிச்சுக்கும் சார். உங்க லாகின் ஒண்ணுதான் இருக்குது. ரோட்டுல இன்னும் தோண்டிட்டுதான் இருக்காங்க. தயவுசெஞ்சு இப்பவே எடுத்து விட்டுருங்க சார். நீங்க அங்க என்ன வேணாச் சொல்லிக்குங்க, இதை மட்டும் பண்ணிருங்க."

"சரி சரி, பார்க்கறேன். வையி."

கேட்டீங்களா? கேட்டீங்கல்ல? என்ன நைசாப் பேசறா பாருங்க. விசாரணைக்காகக் கூப்பிடலையாம்! நான் சொல்றேன் கேளுங்க, இது எதுக்குன்னு. இப்ப நான் உள்ள போயி அந்தச் செட்டிங்கைத் தொட்டா என் பேரு பதிவாகும். விசாரணை நடக்கற அன்னைக்கே, அதே செட்டிங்கை, சென்னியப்பன் எடுத்தாருன்னு விழும். அப்ப என்ன கேப்பாங்க? 'இது இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான போடச் சொன்னீங்க?'ன்னு கேப்பாங்களா, இல்லையா? அதுக்குத்தான் வலை விரிக்கறா. சின்னப் பொண்ணுன்னு நினைச்சா, என்னையே மாட்டப் பார்க்கறா.

உண்மைதாங்க, அவ சொல்றது. அந்தச் செட்டிங்கு அப்படியேதான் இருக்கும். நானும் எடுக்கலை, வேற யாருக்கும் எடுக்கத் தெரியாது. இல்லை இல்லை, ஆபீஸுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. இந்தப் போன்லயே எடுக்கலாம். இப்படி உக்காந்துட்டே எடுக்கலாம், அவிநாசி வர்றதுக்குள்ள முடிஞ்சுரும்.

எடுங்கன்னா? நீங்க யாருங்க எனக்குச் சொல்றதுக்கு? ஏதோ பக்கத்துல உக்காந்தீங்களேன்னு மனசு விட்டுப் பேசுனா, நீங்களும் அவளை மாதிரியே கேள்வி கேக்கறீங்க. லைன் அறுந்தாத்தானுங்க பிரச்சனை. தினமுமா அறுக்கப்போறான்?

கோவப்படாதீங்க, நானும் கோவப்படலை. எடுக்க மாட்டேன்னா சொன்னேன்? எடுக்கறேனுங்க. விசாரணை முடியட்டும், தீர்ப்பு எழுதிக் கையெழுத்தாகட்டும், அப்பறம் எடுக்கறேன்.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? திருப்பூர் இன்னும் வரலையே. இங்க ஏன் இறங்கறீங்க, திரும்பக் கோயம்புத்தூருக்கா? எந்த ஆஸ்பத்திரின்னா கேக்கறீங்க? ஏனுங்க, யாரையாவது சேர்த்திருக்கீங்களா?